இடது பின்சக்கரம்

ஷெட்டிகாம்ப்,
ஜனவரி 14, 2018

திருமதி மோர்னா மக்நீல் அவர்களுக்கு,

உங்கள் நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீங்களும் என் நலத்தை நினைத்து உருகப்போவதில்லை என்று தெரியும். நான் ஜொஸ்லின், லாக்லனின் இப்போதைய மனைவி. நீங்கள் தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டீர்களாம். ஆன்டிகோனிஷ் முகவரியை மாதா கோயில் அலுவலகப் பெண்ணிடம் கெஞ்சி வாங்க வேண்டியிருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரில் லாக்லன் எனக்கு ஒரு வண்டி வாங்கிக் கொடுத்தார். நீங்கள் ஓட்டிக்கொண்டிருந்த அதே பச்சை எஸ்யூவிதான். நீங்கள் விற்ற டீலரிடம் நின்றுகொண்டிருந்ததாம். தன் வண்டி தன்னிடமே திரும்பி வந்துவிட்டதென்று அவருக்கு ஒரே சந்தோஷம். என் பெயரிலேயே பதிவு செய்தார். இந்தக் கரையோரம் முழுக்க வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டுவது, கட்டு மாற்றுவது, மாத்திரை கொடுப்பது என் வேலை. வண்டி இல்லையென்றால் வேலையும் இல்லை.

வண்டி முதல் வாரமே குணத்தைக் காட்டிவிட்டது. வேகம் எடுத்தால் பின்பக்கம் ஆடுகிறது. கியர் போடும்போது எங்கோ 'தொம்' என்று ஒரு சத்தம். வளைவுகளில் நான் ஒரு பக்கம் திருப்பினால் வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்புகிறது. லாக்லன் டயர்களை பாலன்ஸ் செய்து பார்த்தார். ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களையும் மாற்றினார். எதற்கும் சரியாகவில்லை. வேறு மெக்கானிக் யாரும் அதைத் தொடக்கூடாது என்பதில் அவர் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததல்ல.

அவர் சொல்வது இதுதான்: "அவ அதுல விறகை ஏத்திக்கிட்டுக் காட்டுப் பாதையில அடிச்சிருக்கா. எங்கயோ மோதிட்டு மறைச்சிருக்கா." எதில் மோதினீர்கள், எந்தப் பக்கம் மோதினீர்கள் என்று எழுதிவிட்டால் அவர் சரிசெய்துவிடுவார். வண்டியை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர் என்ற முறையில் அந்த உதவியையாவது செய்யலாம்.

பதிலை என் அக்கா லிசெட் முகவரிக்கு அனுப்பவும். உறையின் பின்னால் இருக்கிறது. இந்தக் கடிதம் லாக்லனுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
ஜொஸ்லின் மக்நீல்

---

ஆன்டிகோனிஷ்,
ஜனவரி 25

ஜொஸ்லின்,

'நீங்கள்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. என் சமையலறையில் என் கெட்டிலில் தேநீர் போடுகிறவளுக்கு 'நீ' போதும்.

நான் எதிலும் மோதவில்லை. விறகும் ஏற்றவில்லை. விறகு ஏற்றியவன் யார் என்று அவனைக் கேள்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கோபத்தினால் அல்ல, நம்ப முடியாமல். அந்த வண்டியை நான் எந்த டீலரிடமும் விற்கவில்லை. போன ஜூனில் காயலான் கடைக்காரர் ஆர்ச்சியை வரச்சொல்லி, நசுக்கிப் போடுங்கள் என்று சொல்லி ஏற்றி அனுப்பினேன். அதற்கு முன் என் தம்பி வீட்டுக் கொல்லையில் புல் முளைத்துக் கிடந்தது. நீ சொல்வது அதே வண்டியா என்று முதலில் பார். முன் இருக்கையின் ஓரத்தில் சுருட்டுச் சுட்ட ஓட்டை இருக்கும். பின்கதவு உள்ளிருந்து திறக்காது. இரண்டும் இருந்தால் அதேதான். அவன் ஆர்ச்சியிடமிருந்து வாங்கியிருக்கிறான்.

அப்படியானால் இன்றைக்கே நிறுத்து. ஏன் என்றும் சொல்கிறேன்.

நாங்கள் பிரிவதற்கு முந்தைய வசந்தத்தில், இதே ஆட்டம், இதே சத்தம். நான் அடம்பிடித்து வெளியே ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். உன் லாக்லனும் கூட வந்தான். வண்டியை லிஃப்டில் ஏற்றி, நாங்கள் இருவரும் அதற்குக் கீழே நின்றோம். மெக்கானிக் இடது பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் சேஸிஸை, வண்டியின் அடிச்சட்டத்தை, சுத்தியலால் லேசாகத் தட்டினார். துரு பிஸ்கட் மாதிரி உதிர்ந்து எங்கள் காலடியில் விழுந்தது. கடல் உப்பும், குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பும் சேர்ந்து தின்றிருந்தன. "பின்சக்கர அச்சைப் பிடிச்சிருக்கிற இரும்புக் கை இங்கதான் மாட்டியிருக்கு. இது பிச்சுக்கிட்டா பின்சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போயிடும். இனிமே இதை ரோட்ல எடுக்காதீங்க" என்றார். லாக்கி இரண்டு கையையும் பையில் விட்டுக்கொண்டு, "இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்று சிரித்தான்.

அவனுக்குத் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதே.

உன்மேல் பிரியம் வைத்து இதை எழுதவில்லை. நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். இப்படி ஒரு வண்டி ரோட்டில் போகிறது என்று தெரிந்துகொண்டு என்னால் வாய்மூடி இருக்க முடியாது.

மோர்னா மக்நீல்

---

ஷெட்டிகாம்ப்,
பிப்ரவரி 3

மோர்னா,

நீயே ஆரம்பித்துவிட்டாய். இனி எனக்கும் 'நீ' போதும்.

சுருட்டு ஓட்டை இருக்கிறது. அதனால் என்ன? உன் வண்டிதான் என்று நான்தானே முதலில் எழுதினேன்.

உன் பெயரைச் சொல்லாமல் லாக்லனிடம் சேஸிஸைப் பற்றிக் கேட்டேன். "கல்லு மாதிரி இருக்கு" என்றார். அவருடைய பெரியப்பா மகன் டங்கன் சோதனை செய்து தகுதி ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்திருக்கிறார். ஆட்டத்துக்குக் காரணம் காற்று என்கிறார் லாக்லன். மலையிலிருந்து இறங்கும் தென்கிழக்குக் காற்று லாரியையே கவிழ்த்துவிடும் என்று இங்கே இருந்த உனக்கும் தெரியும். "காத்துடா, ஜோ. உசரமான வண்டி, காத்துல ஆடத்தான் செய்யும். பயப்படாம ஓட்டு" என்றார். நான் யாரை நம்ப வேண்டும்? ஒவ்வொரு ஞாயிறும் பனியில் அட்டையை விரித்து, மல்லாந்து படுத்து, எனக்காக வண்டிக்கு அடியில் கிடக்கிற மனிதரையா? விவாகரத்துத் தீர்ப்பு வந்த நாளில் அவருடைய மீன்பிடி வலைகளை ஏரியில் எறிந்துவிட்டுப் போன பெண்ணையா?

உனக்கு என்ன வேண்டும் என்று எனக்குப் புரிகிறது. நான் வண்டியை நிறுத்த வேண்டும், வேலை போக வேண்டும், அவரோடு சண்டை பிடிக்க வேண்டும். உன் வீடு போனது போல என் வீடும் போக வேண்டும். எனக்கு முதல் திருமணத்தில் ஒரு பெண் இருக்கிறாள், மிரெய், எட்டு வயது. லாக்லன் அவளைத் தன் மகளாகத்தான் பார்க்கிறார். காலையில் அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் நான் வேலைக்குப் போகிறேன். ஆபத்தான வண்டியில் அவர் அவளை ஏற்றுவார் என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது?

ஒரு மோதலைப் பற்றிக் கேட்டேன். நீ விஷத்தைக் காகிதத்தில் மடித்து அனுப்பியிருக்கிறாய்.

ஜொஸ்லின்

---

ஆன்டிகோனிஷ்,
பிப்ரவரி 11

ஜொஸ்லின்,

வலைகளை ஏரியில் எறிந்தது உண்மை. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான்.

நீ என்னை நம்ப வேண்டாம். என்னைப் பொய்க்காரி என்றே வைத்துக்கொள். ஆனால் வண்டிக்கு உன்னைப் பழிவாங்க எந்தக் காரணமும் இல்லை. அதைக் கேள். எப்படிக் கேட்பது என்று சொல்கிறேன்.

சமதரையில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு ரிவர்ஸ் கியர் போடு, பிறகு முன் கியர் போடு. உன் அக்காவை வண்டிக்குப் பக்கவாட்டில் தள்ளி நிற்கச் சொல்லி, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கச் சொல். பானெட்டுக்குக் கீழே என்றால் எஞ்சின் ரப்பர். அவன் சொன்னது சரி, நான் வாயை மூடிக்கொள்கிறேன். பின்கதவுக்குக் கீழே என்றால் அடுத்ததற்குப் போ.

காற்றே இல்லாத ஒரு காலை நேரம் பார்த்துக்கொள். ரோடு நேராகவும் காலியாகவும் இருக்கட்டும். அறுபதுக்கு மேல் போகாதே. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடு. மறுபடி மிதி. எடுக்கும்போது வால் ஒரு பக்கமும் மிதிக்கும்போது மறுபக்கமும் போகிறதா என்று பார். உன் கால் எப்போது எழும் என்று காற்றுக்குத் தெரியாது.

கடைசியாக, ஒரு பெரிய திருப்புளி எடுத்துக்கொள். ஜாக்கி போட்டு அடியில் நுழையாதே. பக்கத்தில் படுத்துக் கையை நீட்டினாலே எட்டும். இடது பின்சக்கரத்துக்கு முன்னால், அந்த இரும்புக் கை சேஸிஸில் சேருகிற இடம். அங்கே கறுப்பாகத் தார் பூசியிருந்தால் சுரண்டிவிட்டுக் குத்து. நல்ல இரும்பில் திருப்புளி நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பனியில் படுத்து உனக்காக உழைக்கிறானாமே. கையில் ஸ்பேனர் இருந்ததா, தார் டப்பா இருந்ததா என்று ஒரு நாளாவது எட்டிப் பார்த்தாயா?

உன் மகளை எந்தப் பக்கம் உட்கார வைக்கிறாய்? இடது பக்கம் என்றால், மற்ற எதை நம்பாவிட்டாலும் சரி, நாளைக்கே அவளை வலது பக்கம் மாற்று. அவளை அந்த வண்டியில் ஏற்றாமலேயே இருந்தால் இன்னும் நல்லது.

மோர்னா

---

ஷெட்டிகாம்ப்,
பிப்ரவரி 26

மோர்னா,

நீ சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். உனக்காக அல்ல, உன் வாயை அடைக்க.

கியர் போட்டபோது லிசெட் பக்கத்தில் நின்றாள். சத்தம் பின்னால்தான் வருகிறது என்றாள். இடப்பக்கம், பின்கதவுக்குக் கீழே. அவளுக்குக் காது அவ்வளவு நன்றாகக் கேட்காது என்பதால் மூன்று முறை போட்டுக் காட்டினேன். மூன்று முறையும் அங்கேயே கை காட்டினாள்.

காற்றுக்காக ஒரு வாரம் காத்திருந்தேன். போன வியாழன் கடல் கண்ணாடி போலக் கிடந்தது. பக்கத்து ஊர் மார்கரீக்கு இப்பால் நேர் ரோட்டில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வால் இடது பக்கம் நழுவியது. மிதித்தேன், வலது பக்கம் வந்தது. யாரோ பின்னால் உட்கார்ந்து தனியாக ஒரு ஸ்டியரிங்கைத் திருப்புவது போல இருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். பயந்தேன் என்பதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஆனால் இதைக் கேள். லாக்லன் படகுத் துறைக்குப் போயிருந்தபோது திருப்புளியோடு படுத்தேன். தார் இருந்தது, புதுத் தார். சுரண்டினேன். பலம் கொண்ட மட்டும் குத்தினேன். திருப்புளி நின்றது. இரும்பு டங்கென்று சத்தம் போட்டது. நான்கு இடத்தில் குத்தினேன், நான்கிலும் நின்றது. நல்ல இரும்பில் நிற்கும் என்று எழுதியவள் நீதான்.

ஆக, ஏதோ தேய்ந்திருக்கலாம், ஏதோ ஒரு ரப்பர் போயிருக்கலாம். ஆனால் சேஸிஸ் கல்லுப் போல இருக்கிறது. அவர் சொன்னபடியே இருக்கிறது. நீ என் தூக்கத்தைக் கெடுத்ததுதான் மிச்சம். நான் அவரைச் சந்தேகப்பட்டு, அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத் திருடி போல வண்டிக்கு அடியில் படுத்தேன். அதை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

இத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

ஜொஸ்லின்

---

ஆன்டிகோனிஷ்,
மார்ச் 5

ஜொஸ்லின்,

பன்னிரண்டு வருஷம் உப்பில் ஓடிய வண்டியின் சேஸிஸ் 'டங்'கென்று சத்தம் போடாது. நீ குத்தியது சேஸிஸை அல்ல. அவன் மேலே வைத்து வெல்டிங் செய்த புதுத் தகட்டை. தகடு நன்றாகத்தான் இருக்கும். அது எதன்மேல் ஒட்டியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

விரலால் தடவிக்கொண்டே போ. தகட்டின் விளிம்பு தட்டுப்படும். விளிம்புக்கு வெளியே ஒரு விரற்கடை தள்ளிக் குத்து.

நீ எனக்கு மறுபடி எழுதவே வேண்டாம். குத்திப் பார்த்துவிடு.

மோர்னா

---

ஷெட்டிகாம்ப்,
ஏப்ரல் 2

திருமதி மோர்னா அவர்களுக்கு,

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நடந்ததை நீங்கள் ஊர் வாயால் கேட்டால் அது வேறு மாதிரி உங்களிடம் வந்து சேரும். அதனால் நானே எழுதுகிறேன்.

விளிம்புக்கு வெளியே குத்தினேன். திருப்புளி பிடிவரைக்கும் உள்ளே போனது. உருவியபோது பழுப்புச் செதில்கள் என் முகத்தில் கொட்டின. எழுந்து உள்ளே போய் முகம் கழுவினேன். அன்றிலிருந்து லிசெட்டின் காரில்தான் வேலைக்குப் போனேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது அவரிடம் கேட்டுவிட்டேன். மிரெயை முதலிலேயே படுக்க அனுப்பியிருந்தேன். மீன் கட்லெட்டைத் தட்டில் வெட்டிக்கொண்டே, "சரி, தகடு வச்சேன். அதுல என்ன? புதுசை விட ஸ்ட்ராங்கா வச்சிருக்கேன்" என்றார். டீலர் என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். "உனக்கு வண்டி வேணும்னு கேட்ட. வாங்கிக் குடுத்தேன். எங்க இருந்து வந்தா உனக்கென்ன?" என்றார். உங்கள் பெயரைச் சொன்னேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவளுக்குக் கடிதம் எழுதினாயா, அவள் பேச்சைக் கேட்டு என்னைச் சோதித்தாயா என்று வெகுநேரம் கத்தினார். நான் தப்பு செய்தவள் போலத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அந்த நிமிடத்தில் எனக்கு உங்கள் மேல்தான் ஆத்திரம் வந்தது. தகட்டை வைத்தவர் மேல் வரவில்லை. அதை எப்படி விளக்குவதென்று எனக்குத் தெரியவில்லை.

காலையில் அவர் சாந்தமாகிவிட்டார். சாவியை எடுத்துக்கொண்டு, "இன்வர்னஸ் போயிட்டு வரேன். முழுத்தூரமும் ஓட்டிட்டுத் திரும்பி வந்து காட்டுறேன். அப்புறம் நீயும் அவளும் வாயை மூடணும்" என்று கிளம்பினார். நான் தடுத்தேன். கையைத் தட்டிவிட்டுப் போனார். சனிக்கிழமை அது. என் மனது ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்றுதான் அடித்துக்கொண்டது. அவர் சரியாக இருக்க வேண்டும், நீங்கள் தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அதே ரோட்டில் இருக்கும் மார்கரீயில் எனக்கு ஒரு நோயாளி இருந்தார். சற்று நேரம் கழித்து லிசெட்டின் காரில் மிரெயையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் வண்டிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. பனி அள்ளும் லாரி முன்னால் போகிறது என்று நினைத்தேன். ஆனால் ரோட்டில் பனியே இல்லை. ஒரு வளைவில் வரிசையின் முனை தெரிந்தது. பச்சை வண்டி. நான்கு விளக்கும் விட்டு விட்டு எரிய, பாதி வண்டி ரோட்டின் ஓரத்து மண்ணில் உருள, முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. நேர் ரோடு வந்ததும் எல்லோரும் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனார்கள். எனக்கும் இடம் கிடைத்தது. நான் தாண்டவில்லை. பின்னாலேயே போனேன். என் மீட்டரைப் பார்த்தேன். நாற்பது. ஒரு சிறு வளைவு வந்தால் அதற்கும் குறைந்தது.

மரத்தில் ஒரு கிளை ஆடவில்லை. காற்றே கிடையாது.

இந்த ரோட்டில் "பயப்படாம அழுத்திப் போ, மெதுவாப் போனாத்தான் ஆட்டம் தெரியும்" என்று எனக்குச் சொன்ன மனிதன். குளிர்காலம் முழுக்க நான் தொண்ணூறில் போனேன். பின்னால் என் பெண் உட்கார்ந்திருந்தாள். தான் தனியாக உட்கார்ந்தபோது அவன் நாற்பதைத் தாண்டவில்லை.

"லாக்கி ஏம்மா இவ்ளோ மெதுவாப் போறாரு?" என்று மிரெய் கேட்டாள். தெரியவில்லை என்று சொன்னேன். மார்கரீ வந்ததும் நான் நோயாளி வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டேன். அவன் எங்களைப் பார்க்கவில்லை. கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை. வளைவுகளில் தெரிந்தபோதெல்லாம் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் வீடு வந்து சாவியை மேசையில் போட்டான். "பாத்தியா? ஒண்ணும் ஆகல" என்றான்.

"எவ்வளவு வேகத்துல போனீங்க?" என்று கேட்டேன்.

"எப்பவும் போலத்தான். தொண்ணூறு."

அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சூப்பைச் சூடாக்கிக் கொடுத்தேன். ஞாயிறன்று அவன் படகுத் துறைக்குப் போனதும் மிரெயின் துணிகளையும் என் துணிகளையும் எடுத்துக்கொண்டு லிசெட் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் வாசலில் வந்து நின்றான். ஒரு வண்டிக்காக ஒரு குடும்பத்தை உடைப்பாயா என்று கேட்டான். லிசெட் கதவைத் திறக்கவில்லை. டங்கன் ஒட்டிய தகுதி ஸ்டிக்கரைப் பற்றி நான் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டேன். அவர் என்ன பதில் சொன்னாரோ தெரியாது.

இப்போது உங்களுக்கு. நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். உங்கள் கடிதங்களில் ஒரு வரிகூட எனக்கு இதமாக இருந்ததில்லை. உங்களை எனக்குப் பிடிக்கவில்லை, இனியும் பிடிக்காது. மாதா கோயில் விருந்தில் எங்காவது எதிர்ப்பட்டால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். நீங்களும் அப்படியே செய்யலாம். என் பெண் உயிரோடு இருக்கிறாள் என்பதற்கு யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

உங்களிடம் எனக்கு ஒரு குறை இருக்கிறது. நசுக்கிப் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினீர்களே, கூடப் போய் நின்று பார்த்திருக்கக் கூடாதா? நீங்கள் நின்றிருந்தால் எனக்கு இந்தக் குளிர்காலம் இப்படிப் போயிருக்காது.

வண்டி என் பெயரில் இருந்ததால் அவனால் தடுக்க முடியவில்லை. ஆர்ச்சியிடம் அனுப்பவில்லை. இந்தத் தீவின் மறுகரையில் இருக்கிற சிட்னியில் வேறு ஒரு காயலான் கடைக்கு இழுவை லாரியில் ஏற்றி, நானும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. எந்திரத்தை இயக்குகிறவர் என்னை உள்ளே போய் உட்காரச் சொன்னார். நான் அங்கேயே நின்றேன். எந்திரத்தின் பெரிய தகடு மேலிருந்து இறங்கியது. முதலில் கண்ணாடிகள் போயின, பிறகு கூரை, பிறகு கதவுகள். அவர் எந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, "முடிஞ்சுதும்மா. இன்னும் என்ன பாக்குறீங்க?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் உயரமாத் தெரியுது. இன்னொரு தடவை அழுத்துங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் ஏறிப்போய் அழுத்தினார்.

பதில் எழுத வேண்டாம்.

ஜொஸ்லின்